கருஞ்சேற்றுக்கு முந்திய சாட்சி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடலடிச் சேற்றில் கலந்துகிடக்கும் மூன்று உலோகங்களைப் பற்றி. மாலிப்டினம், யுரேனியம், தாலியம் என்பவை அவை. ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல்நீரில் ஆக்சிஜன் எப்படி இருந்தது என்பதை இந்த மூன்றையும் வைத்துச் சொல்ல முடியுமா? முடியும் என்பது என் கட்சி. கேட்டவுடன் நம்ப வேண்டாம். எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் மூச்சுத் திணறிய பிறகுதான் கருஞ்சேறு படிகிறது. திணறத் தொடங்கும்போதே உலோகங்கள் அதைப் பதிவு செய்துவிடுகின்றன. இந்த முந்தைய பதிவைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் கடந்த கால் நூற்றாண்டில் கடல் வரலாற்று ஆய்வு கண்ட பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் இன்றைய கடலிலிருந்து தொடங்குவோம். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க 1888-இல் ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். இன்றும் கப்பல்களில் அதுவே உரைகல். ஒரு கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றுகூடப் புகாமல் கடல்நீரை நிரப்புவார்கள். அதில் மாங்கனீசு உப்பையும் காரத்தையும் செலுத்தினால் வெள்ளையாக ஒரு வீழ்படிவு இறங்கும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்த வெள்ளை நம் கண்ணெதிரே பழுப்பாக மாறும். ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பிறகு அமிலம் சேர்த்துத் தரம் பார்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள். இப்படிப் பல நாட்டுக் கப்பல்கள் பல்லாண்டு சேர்த்த அளவீடுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2017-இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1960-க்குப் பிறகு உலகக் கடல்கள் தங்கள் ஆக்சிஜனில் 2 விழுக்காட்டுக்கும் மேல் இழந்துவிட்டன என்பது அந்தக் கணக்கு. வெப்பம் ஏறிய நீரில் வாயு குறைவாகவே கரையும். மேல்நீர் சூடாகி லேசாகிவிட்டால் அது கீழே இறங்கிக் கலப்பதும் குறையும். நிலத்து உரம் ஆற்றோடு போய்ச் சேரும் கரையோரங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்தக் குப்பியில் பழுப்பாகிய மாங்கனீசை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் இருந்தால்தான் மாங்கனீசு ஆக்சைடு உண்டாகும் என்ற இதே வேதியியல், கடலின் தரையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

2 விழுக்காடு என்றால் சிறிய எண்ணாகத்தானே தோன்றுகிறது? இது பெரிதா, சிறிதா? இதற்கு அடுத்து என்ன வரும்? அறுபது ஆண்டு அளவீடு இதற்கு விடை சொல்லாது. இப்படி ஒரு பாதையில் கடல் முன்பு எப்போதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இறங்கியிருக்கிறது. இத்தாலியில் குபியோ நகரத்தை ஒட்டிய மலைகளில், வெளிறிய சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்பில் கரியடுக்கு ஒன்று ஓடுகிறது. 1891-இல் அதை விவரித்த குய்தோ பொனரெல்லியின் பெயரால் அதை இன்றும் பொனரெல்லி அடுக்கு என்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழிந்து ஆழ்கடல் துளையிடும் கப்பல்கள் வந்தபோது, அதே வயதுள்ள கரிய படிவு பசிபிக்கிலும் கிடைத்தது, அட்லாண்டிக்கிலும் கிடைத்தது. 1976-இல் புவியியலாளர்கள் ஷ்லாங்கரும் ஜென்கின்சும் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, கடல் ஆக்சிஜனை இழந்த காலகட்டங்கள் உலகளாவிய நிகழ்வுகளாகவே இருந்தன என்று எழுதினார்கள். பொனரெல்லி அடுக்கு படிந்தது சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இறந்த உயிரிகளின் உடல் மக்காமல் கார்பனாகவே புதைந்ததால்தான் அந்தக் கருமை. தென் அமெரிக்காவின் சுரினாம் கரைக்கு அப்பால் டெமராரா மேட்டில் 2003-இல் எடுத்த துளை மாதிரிகளில் இந்தக் காலத்துச் சேறு உள்ளது. அதன் வெட்டுமுகத்தில் மில்லிமீட்டருக்கும் மெல்லிய வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலையாமல் அடுக்கியிருக்கின்றன. சேற்றைக் குடைந்து கிளறப் புழு ஒன்றுகூட அங்கே உயிரோடு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் நண்பர்களே, இங்கேதான் ஒரு சிக்கல். ஓரிடத்துக் கருஞ்சேறு அந்த ஓரிடத்தைப் பற்றித்தான் பேசும். கருங்கடலின் அடியில் இன்றைக்கும் ஆக்சிஜன் கிடையாது. அதை மட்டும் பார்த்துவிட்டு உலகக் கடலெல்லாம் செத்துவிட்டது என்று எவரேனும் எழுதினால் எவ்வளவு பெரிய பிழை! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைச் சோறு முழுவதும் ஒரே தீயில், ஒரே நீரில் வெந்தது என்பதால்தான் அந்தப் பதம் செல்லும். கடலடிச் சேறு அப்படி வெந்ததல்ல. ஒவ்வொரு மூலையிலும் அதன் கதை வேறு. அப்படியானால், கடல் முழுவதும் ஒரே சீராகக் கலந்துநிற்கும் ஏதேனும் ஒன்றைப் பிடித்தால், ஓரிடத்துச் சேற்றைக் கொண்டே முழுக் கடலுக்கும் பதம் பார்க்கலாம் அல்லவா? அப்படிப்பட்ட பொருள்கள்தாம் நான் சொன்ன உலோகங்கள். உலகக் கடல் ஒருமுறை சுற்றிக் கலக்க ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. கடலில் சேர்ந்த தாலியம் படிந்து வெளியேறும் வரை தங்கும் காலம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள். யுரேனியமும் மாலிப்டினமும் சில லட்சம் ஆண்டுகள் தங்குகின்றன. கலக்கும் காலத்தைவிடத் தங்கும் காலம் பல மடங்கு நீளம். எனவே திறந்த கடலில் எங்கே ஒரு வாளி நீர் மொண்டாலும் இந்த உலோகங்களின் ஐசோடோப்பு விகிதம் ஒன்றாகவே இருக்கும்.

விகிதம் ஏன் மாறுகிறது? ஒரே உலோகத்தின் அணுக்களில் எடை கூடியவையும் உண்டு, குறைந்தவையும் உண்டு. அவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். மாலிப்டினத்துக்கு இயற்கையில் ஏழு ஐசோடோப்புகள். தாலியத்துக்கு 203, 205 என இரண்டு மட்டும். ஆக்சிஜன் உள்ள கடல்தரையில் மாங்கனீசு ஆக்சைடு படிகிறது. மாலிப்டினத்தில் லேசான அணுக்களையே அது அதிகம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பங்கு வித்தியாசம். லேசானது தரைக்குப் போய்விடுவதால் கடல்நீரில் கனமானது மிஞ்சுகிறது. தாலியத்தில் இது தலைகீழ்: மாங்கனீசு ஆக்சைடு கனமான 205-ஐப் பிடிக்கிறது, நீரில் லேசானது மிஞ்சுகிறது. யுரேனியம் வேறு வழியில் போகிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் அது கரைந்தே கிடக்கும். ஆக்சிஜன் அற்ற சேற்றைத் தொட்டால் எலெக்ட்ரான் பெற்று ஒடுங்கிப் படியும். படியும்போது கனமான 238 சற்று முந்திக்கொள்கிறது. ஆகவே ஆக்சிஜனற்ற தரைப்பரப்பு விரிய விரிய, நீரில் எஞ்சும் யுரேனியம் லேசாகிக்கொண்டே போகும். யுரேனியம் 238-க்கும் 235-க்கும் உள்ள விகிதம் 137.88 என்று பல பத்தாண்டுகளாக மாறாத எண்ணாகவே பாடநூல்கள் எழுதிவந்தன. 2007, 2008-இல் நுட்பமான அளவீடுகள் வந்த பிறகுதான் அது இடத்துக்கு இடம் மாறுவது தெரிந்தது. அப்படி மாறுவதே நமக்குக் கிடைத்த செல்வம். 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பெர்மியன் காலம் முடிந்தபோது நேர்ந்த பேரழிவில் கடல் ஆக்சிஜனை இழந்ததை, சீனத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் உள்ள யுரேனியத்தை வைத்துத்தான் 2011-இல் காட்டினார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். துளை மாதிரியிலிருந்து விரல் நுனியளவு சேற்றுப்பாறையை வெட்டி மாவாக அரைக்கிறார்கள். அமிலத்தில் கரைத்து, அயனி மாற்றப் பிசின் நிரப்பிய குழாயின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். மற்ற தனிமங்களெல்லாம் பிசினிலோ முதல் சொட்டுகளிலோ பிரிந்துவிட, வேண்டிய உலோகம் மட்டும் கடைசியில் டெஃப்லான் கிண்ணத்தில் வந்து விழுகிறது. தாலியம் சில நானோகிராம் கிடைத்தால் போதும். வடிகட்டிய காற்று வீசும் அறையில், தூசிகூட மாதிரியைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தோடு செய்யும் வேலை இது. பிறகு பிளாஸ்மா நிறை நிறமாலைமானி அந்தத் துளியிலுள்ள அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. தாலியத்தில் தேடும் மாற்றம் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. 1990-களில் இந்தக் கருவி பரவலாகும் வரை இந்தத் துறையே எழ வழியில்லாமல் இருந்தது.

இனி, டெமராரா மேட்டுச் சேறு என்ன சொன்னது? 2017-இல் ஆஸ்ட்ராண்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதிலுள்ள தாலியத்தை அளந்தார்கள். கரிம அடுக்கின் தொடக்கம் என்று புவியியலாளர்கள் கோடு போட்டிருக்கும் இடத்துக்குக் கீழேயே, அந்தத் தொடக்கத்துக்குச் சுமார் 43,000 ஆண்டுகள் முன்பே, தாலியம் கனமான பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. கணக்கில் 11,000 ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். இதன் பொருள் என்ன? உலகக் கடல்தரையில் மாங்கனீசு ஆக்சைடு படிவது அப்போதே குறைந்துவிட்டது. அதாவது கடலடி நீர் ஆக்சிஜனை இழக்கத் தொடங்கிவிட்டது. விங்க்லரின் குப்பியில் வெள்ளை பழுப்பாகாமல் நிற்குமே, அதேதான். அளவு மட்டும் உலகக் கடல் முழுவதற்குமானது. உலகம் எங்கும் கருஞ்சேறு கொட்டத் தொடங்கியது அதற்குப் பிறகே. கரீபியன் பகுதியில் அக்காலத்தில் மாபெரும் எரிமலைப் பெருக்கு நிகழ்ந்ததை ஆஸ்மியம் என்ற இன்னொரு உலோகத்தின் ஐசோடோப்புகள் 2008-இல் தெளிவாக்கின. வெப்பம் ஏறியதும், பாறை அரிப்பால் ஊட்டச்சத்து கடலில் பெருகியதும் அதன் தொடர்ச்சி என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். நிகழ்வு உச்சத்தை எட்டியபோது கடல்தரையில் எவ்வளவு ஆக்சிஜனற்றுப் போயிற்று? இங்கிலாந்து, இத்தாலிப் பாறைகளின் யுரேனியத்தைக் கொண்டு 2018-இல் போட்ட கணக்கு 8 முதல் 15 விழுக்காடு என்கிறது. இன்று அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. கடல் முழுவதும் செத்துப்போனது என்று சில புத்தகங்கள் எழுதுவது மிகை. ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாமலே உலகின் கடல் வாழ்வு நிலைகுலைந்தது என்பதல்லவா நாம் அஞ்ச வேண்டிய செய்தி!

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை வலுவானவை, தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. முதல் மறுப்பு: "சேறு கடல்நீரின் விகிதத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?" நியாயமான கேள்வி. இன்றைய கடலில் சோதித்துப் பார்த்ததுதான் விடை. கருங்கடலின் ஆழத்தில் ஹைட்ரஜன் சல்பைடு மிகுதி. அங்கே மாலிப்டினம் ஏறத்தாழ முழுவதும் படிந்துவிடுவதால் சேற்றின் விகிதமும் கடல்நீரின் விகிதமும் ஒத்துப்போகின்றன. வெனிசுவேலாக் கரையோரக் கரியாக்கோ படுகையில் சல்பைடு குறைவு. எனவே அங்கே மாலிப்டினம் நம்பகமானதல்ல. தாலியத்துக்கு வாருங்கள், நிலைமை மாறிவிடுகிறது. கரியாக்கோ திறந்த கடலோடு தாராளமாக நீர் கலப்பதால் அதன் சேற்றுத் தாலியம் உலகக் கடலோடு ஒத்திருக்கிறது. கருங்கடல் குறுகிய வாயுள்ள அடைபட்ட கடல். ஆற்றுநீரின் பங்கு அதிகம். அதன் தாலியம் அதற்கே உரியது, உலகத்துக்கு உரியதல்ல. பாருங்கள்: ஓர் உலோகம் தடுமாறும் இடத்தில் இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது. ஒற்றை உலோகத்தை மட்டும் வைத்து முழுக் கடலுக்குத் தீர்ப்பெழுதும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் வாசிக்கிறேன். வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று உலோகங்கள் ஒரே பக்கம் கை காட்டும்போது அந்த ஐயம் கரைகிறது. 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த நிகழ்வுக்கான சான்றின் வலிமையே அதுதான்.

இரண்டாவது மறுப்பு: "எரிமலை வெடித்தது, ஆறுகள் அதிகம் அரித்தன என்கிறீர்கள். கடலுக்குள் வந்த உலோகமே மாறியிருந்தால், ஆக்சிஜனைப் பேசுவானேன்?" இந்த மறுப்பு மாலிப்டினத்தை ஓரளவு தொடும். ஆற்று மாலிப்டினம் பாறைக்குப் பாறை வேறுபடுவது உண்மை. தாலியத்தை இது அசைக்காது. ஆறு, எரிமலை வாயு, தூசி, கடலடி வெந்நீர் ஊற்று என எந்த வழியாக வந்தாலும் தாலியத்தின் ஐசோடோப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றே. வரவு கூடினால் அளவு கூடும், விகிதம் மாறாது. விகிதத்தை மாற்றுவது செலவுப் பக்கம், அதாவது கடல்தரையில் எது எவ்வளவு படிகிறது என்பது. தாலியத்தை நான் முன்னிறுத்துவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கனமானது. "43,000 ஆண்டுகளுக்கும் 60 ஆண்டுகளுக்கும் என்ன ஒப்பீடு? அந்தக் காலத்தில் துருவங்களில் பெரும் பனிப்பாளம் இல்லை, அட்லாண்டிக் குறுகிய கடல், காற்றில் கரியமில வாயு இன்றைவிட மிக அதிகம். அந்த உலகம் வேறு, இந்த உலகம் வேறு." ஒப்புக்கொள்கிறேன். இன்றைய 2 விழுக்காட்டை நேர்கோடாக நீட்டி, இத்தனையாம் ஆண்டில் கடல் கருஞ்சேறாகும் என்று சொல்ல இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்பவர் எவராயினும் அவரை நம்பாதீர்கள். ஆனால் கடலடிச் சேறு ஒரு வரிசையை நமக்குச் சொல்கிறது. முதலில் அடிநீரின் ஆக்சிஜன் குறைகிறது. மாங்கனீசு ஆக்சைடு படிவது சுருங்குகிறது. அதன் பிறகே உயிரற்ற கருந்தரை விரிகிறது. இந்த வரிசை வேதியியலிலிருந்து பிறப்பது. கண்டங்கள் இடம் மாறுவதால் அது மாறிவிடாது. "ஆக்சிஜனே இல்லாத கடற்பகுதி இன்னும் சிறியதுதானே, கவலை எதற்கு?" என்று கேட்பவர்கள் வரிசையின் கடைசிப் படியை மட்டும் பார்த்துவிட்டு முதல் படியைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். குபியோவின் கரியடுக்கை மட்டும் படித்தவர்களுக்கும் அதற்குக் கீழே இருந்த முன்னறிகுறி தெரியாமல்தான் இருந்தது.

இது தொலைதூரச் செய்தியும் அல்ல. அரபிக்கடலில் 150 மீட்டருக்குக் கீழே தொடங்கி ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை உலகின் மிகத் தடித்த ஆக்சிஜன் வறட்சி அடுக்குகளில் ஒன்று கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசிப் பகுதியில் இந்தியாவின் மேற்குக் கரையோர ஆழமற்ற கடலிலும் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு எழுவதை, கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் நக்வியும் அவருடைய சகாக்களும் 2000-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வங்காள விரிகுடாவின் நடுவாழமோ ஆக்சிஜன் முற்றிலும் தீரும் விளிம்பில், மிகச் சிறிய எச்சத்தோடு நிற்கிறது. அந்தச் சிறிய எச்சம் போய்விட்டால் நீரின் நைட்ரஜன் சுழற்சியே வேறு பாதைக்கு மாறிவிடும் என்பதை 2017-இல் வெளிவந்த அளவீடுகள் காட்டின. சின்ன மாற்றத்துக்கு மதிப்பு கொடுக்க வேண்டிய கடல் ஒன்று உண்டென்றால் அது நம் கிழக்கு வாசலில் இருக்கிறது.

கடைசியாக, இந்த அவையிடம் ஒரு கோரிக்கை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டி, மழை அரித்துப் பள்ளமும் மேடுமாக்கிய களிமண் வெளி ஒன்று இருக்கிறது. நான் சொன்ன அந்த 9 கோடியே 40 லட்சம் ஆண்டுக்கு முந்திய கடலின் அடித்தரை அது. 1862-இலேயே புவியியலாளர் பிளான்போர்டு இந்தப் பகுதியின் பாறைகளை வகைப்படுத்தி எழுதினார். பின்னர் ஸ்டோலிச்கா இதன் புதைபடிவங்களை விவரித்தார். அம்மோனைட்டும் பெலெம்னைட்டும் அந்தக் களிமண்ணில் கிடைக்கின்றன. அது டெமராராவைப் போன்ற கருஞ்சேறு அல்ல. மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் வேதி மாற்றம் அடைந்துவிட்டது. நல்ல மாதிரி வேண்டுமென்றால் துளையிட்டு ஆழத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனாலும் அட்லாண்டிக் திணறிக்கொண்டிருந்தபோது தென்கடல் எப்படி இருந்தது என்று கேட்க நம்மிடம் இருக்கும் ஏடு அது. அட்லாண்டிக்கின் துளை மாதிரிகளை ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஒரு பாதியைத் தொடாத ஆவணமாக வைத்துக் காக்கிறார்கள். காரைக்கு அருகிலுள்ள அரியலூர் வட்டாரத்திலோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகின்றன. மாணவர்களே, அந்த நிலத்துக்குப் போங்கள். அடுக்கடுக்காக வரையுங்கள், படமெடுங்கள், புதைபடிவங்களைப் பையில் போட்டு வராமல் இடத்தைக் குறித்து வாருங்கள். ஊராட்சியிலும் அரசிலும் பொறுப்பில் உள்ள பெரியோர்களே, காரைக் களிமண் வெளியை முறையாகக் காக்கப்பட்ட புவியியல் நிலமாக அறிவிக்கவும், அங்கே ஒரு முழுத் துளை மாதிரி எடுத்து இந்நாட்டிலேயே சேமித்து வைக்கவும் முயற்சி எடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.